தேம்ஸ் கரை: இரவும் செங்குத்தும்

கட்டிடங்களைப் புகைப்படம் எடுக்கத் தொடங்குகிற எவனுக்கும் முதலில் சொல்லித்தரப்படும் ஒழுக்கம், சுவர்கள் சாயக்கூடாது என்பது. ஆற்றின் இக்கரையில் நின்று அக்கரைக் கோபுரம் ஒன்றை முழுதாகப் பிடிக்கக் காமிராவைச் சற்று அண்ணாத்திப் பிடித்தால், கோபுரத்தின் பக்கக்கோடுகள் மேலே போகப்போக ஒன்றையொன்று நெருங்குகின்றன. கட்டிடம் பின்னால் மல்லாந்து விழப்போவதுபோல் இருக்கிறது. இதற்குக் கோணல் என்று பெயர். நிமிர்த்துவதற்குத் திருத்தம் என்று பெயர். பெயர்களிலேயே தீர்ப்பும் அடங்கிவிட்டது. இலக்கிய விமர்சனத்திலும் இவ்விரு வார்த்தைகளை நாம் இதே அலட்சியத்தோடுதான் புழங்குகிறோம். யதார்த்தத்தைக் கோணலாக்கிவிட்டான் என்கிறோம், நிமிர்த்திக் காட்டியிருக்க வேண்டும் என்கிறோம். யாருடைய தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு நிமிர்த்துவது என்று கேட்பதில்லை.

இந்தக் கேள்வியை ஒரு குறிப்பிட்ட இடத்தை வைத்துக் கேட்டுப்பார்க்க விரும்புகிறேன். இடம் லண்டனில் தேம்ஸ் நதியின் கரை. நேரம் இரவு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்த ஒரே கரையை ஒரு இன்ஜினியர் நேராக்கினார், ஒரு ஓவியர் நீட்டி வளைத்தார், ஒரு விமர்சகர் அதற்காகக் கோர்ட்டுக்கு இழுக்கப்பட்டார், ஒரு புகைப்படக்காரர் இரவில் அதைக் கண்ணாடித் தகட்டில் பிடித்தார். நால்வரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் திருத்தம் என்பதன் சரித்திரம் கொஞ்சம் தெளிகிறது.

முதலில் கணிதம். செங்குத்துக் கோடுகள் குவிவது லென்ஸின் குற்றமல்ல. லென்ஸுக்கென்று வேறு குற்றம் இருந்தது. படத்தின் ஓரங்களில் நேர்கோடுகளைப் பீப்பாயின் பலகைபோல் வளைத்துவிடும் குற்றம். அதை 1866-இல் லண்டனில் டால்மேயரும் ம்யூனிக்கில் ஸ்டைன்ஹைலும் ஏககாலத்தில், தனித்தனியாகத் தீர்த்தார்கள். சமச்சீரான இரு பகுதிகளுக்கு நடுவே துவாரத்தை வைத்தார்கள். ஒன்று வளைத்ததை மற்றது எதிர்ப்பக்கம் வளைத்துச் சரிக்கட்டியது. டால்மேயர் தன் லென்ஸுக்கு வைத்த பெயரே 'ரேபிட் ரெக்டிலீனியர்'. நேர்கோட்டை நேர்கோடாக வைப்பது என்று பொருள். ஆனால் மிக நல்ல லென்ஸும் குவியும் கோடுகளைத் தடுக்காது. தகடு சுவருக்கு இணையாக இருந்தால் சுவரின் கோடுகள் படத்திலும் இணையாக இருக்கும். தகடு சாய்ந்தால் குவியும். அவ்வளவுதான்.

ஓவியர்களுக்கு இது நெடுங்காலமாகத் தெரியும். 1435-இல் ஆல்பெர்ட்டி ஓவியத்தை ஒரு திறந்த ஜன்னலாகப் பாவித்தபோது, அந்த ஜன்னல் தரைக்குச் செங்குத்தாக நிற்கிறது என்பதும் கேட்காமலே அதில் சேர்ந்துவிட்டது. செங்குத்தான ஜன்னல் வழியே தெரியும் செங்குத்துகள் குவிவதில்லை. தெருவும் கூரையும் தூரத்துப் புள்ளியில் போய்க் குவியலாம், தூண் குவியக்கூடாது. 1746-இல் லண்டனுக்கு வந்த வெனிஸ்காரர் கனலெட்டோ வரைந்த தேம்ஸ் காட்சிகளிலும் நதியும் கரையும் தூரத்தில் ஒடுங்குகின்றன, தேவாலயக் கூம்புகள் மட்டும் ரசமட்டம் வைத்ததுபோல் நிற்கின்றன. துருத்தி வைத்த பெரிய காமிராக்காரர்கள் இதே ஜன்னலைத்தான் மரத்தில் செய்துகொண்டார்கள். தகட்டைச் செங்குத்தாக வைத்துவிட்டு, லென்ஸ் பதித்த முன்பலகையை மட்டும் மேலே நகர்த்தினார்கள். கோபுரத்தின் உச்சி தகட்டுக்குள் இறங்கிவந்தது, சுவர் சாயவில்லை. 35 மி.மீ. சிறிய காமிராவுக்கு இந்த வசதி வர 1960களின் தொடக்கம்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பக்கவாட்டில் நகரும் லென்ஸை நிக்கான் கம்பெனி அப்போது கொண்டுவந்தது. அதுவரையில் சாய்ந்த படத்தை இருட்டறையில் என்லார்ஜருக்கு அடியில் காகிதத்தைச் சாய்த்துவைத்து நிமிர்த்தினார்கள். ஒரு சாய்வை இன்னொரு சாய்வால் வெட்டுகிற வேலை.

கண் என்ன செய்கிறது? அண்ணாந்து பார்க்கும்போது கண்ணுக்குள்ளும் கோடுகள் குவியத்தான் குவிகின்றன. ஆனால் கழுத்து சாய்ந்திருப்பது மூளைக்குத் தெரியும், சுவர் நேராக நிற்பதும் தெரியும். அது கணக்கைத் தீர்த்துவிட்டு நமக்கு நேரான சுவரைத் தருகிறது. காகிதத்தைக் கையில் பிடித்துப் பார்க்கிறபோது நம் கழுத்து சாய்ந்திருப்பதில்லை. ஆகவே கணக்கு தீர்வதில்லை. புகைப்படத்தின் கோணல், உடம்பிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட பார்வையின் கோணல். நிமிர்த்திய படமோ அண்ணாந்து பார்த்தவனின் அனுபவத்தைத் தருவதில்லை. கட்டிடத்தின் பாதி உயரத்தில் அந்தரத்தில் நின்று நேர்ப்பார்வையாகப் பார்த்த ஒருவனின் பார்வையை ஒத்திருக்கிறது. அப்படி ஒருவன் அங்கே நின்றதில்லை. கட்டிடக்கலைஞனின் வரைபடத்தில் மட்டும் அவன் இருக்கிறான். லண்டனில் பெட்ஃபோர்ட் லெமேர் நிறுவனம் பல பத்தாண்டுகள் கட்டிடக்கலைஞர்களுக்கும் ஹோட்டல் முதலாளிகளுக்கும் எடுத்துக்கொடுத்த அப்பழுக்கற்ற பகல் படங்களில் பார்ப்பவனாக நிற்பது அவனே.

இனி நதிக்கு வருகிறேன். 1858 கோடையில் தேம்ஸ் நாறியது. நகரத்தின் சாக்கடை முழுதும் நதியில் விழுந்து, கடலிலிருந்து ஏறும் வெள்ளத்தோடு மேலும் கீழும் அலைந்துகொண்டிருந்தது. ஆற்றை ஒட்டியிருந்த பார்லிமெண்டில் உட்கார முடியாமல் போனபிறகு பணம் ஒதுக்கப்பட்டது. இன்ஜினியர் ஜோசப் பஸல்கெட் நிலத்தடிச் சாக்கடைகளை அமைத்தார். அவற்றில் ஒன்றைக் கரையோரமாகவே கொண்டுபோக வேண்டியிருந்ததால் நதிக்குள் ஒரு கருங்கல் சுவர் எழுப்பி, சுவருக்கும் பழைய கரைக்கும் இடைப்பட்டதை மண்ணிட்டு நிரப்பினார். 1870-இல் திறக்கப்பட்ட விக்டோரியா எம்பாங்க்மென்ட் இதுதான். மேலே அகன்ற சாலையும் மரங்களும், கீழே சாக்கடையும் பாதாள ரயிலும். சேறும் படித்துறையும் படகுக் கொட்டகையுமாக உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருந்த கரைக்கு ஒரே சீரான கோடு கிடைத்தது. 1626-இல் படகிலிருந்து இறங்குவதற்காகக் கட்டிய யார்க் மாளிகையின் நீர்வாசல் இன்றும் தோட்டத்துக்குள் இருக்கிறது. நதி அதைவிட்டுச் சுமார் 150 கஜம் தள்ளிப்போய்விட்டது. படியிறங்கினால் புல்தரை.

இது திருத்தமா? சந்தேகமில்லாமல். அந்தச் சாக்கடை காலராவிலிருந்து எண்ணற்ற உயிர்களைக் காப்பாற்றியது. நேர்கோடு என்றாலே அதிகாரம் என்று சொல்லிவிடுகிற சோம்பேறித்தனத்துக்கு பஸல்கெட் நல்ல மருந்து. ஆனாலும் அந்தக் கோடு விழுந்த இடத்தில் படகுக்காரர்களின் கரை இல்லாமல் போயிற்று என்பதும் கணக்கில் இருக்க வேண்டும். 1874-இல் அவரது கோடு மேற்கே செல்ஸி வரை நீண்டது. அங்கே ஜேம்ஸ் விஸ்லர் என்ற அமெரிக்க ஓவியரின் வாசலுக்கு எதிரே இருந்த பழைய கரையும் போயிற்று.

விஸ்லர் 1870களில் வரைந்த தேம்ஸ் இரவுகளுக்குச் சங்கீதத்திலிருந்து பெயர் எடுத்துக்கொண்டார்: நாக்டர்ன். ஹென்றி க்ரீவ்ஸ், வால்டர் க்ரீவ்ஸ் என்ற படகுக்காரச் சகோதரர்கள் இரவில் அவரை நதியில் ஓட்டிச் சென்றார்கள். அங்கே அவர் வண்ணம் தீட்டவில்லை. பார்த்ததை மனனம் செய்துகொண்டு, பிறகு வீட்டில் வரைந்தார். மெலிதாகக் கரைத்த வண்ணம் கான்வாஸின்மேல் நதிபோலவே ஓடியது. 'நீலமும் பொன்னும்: பழைய பாட்டர்ஸி பாலம்' என்ற படத்தில் பாலத்தின் ஒற்றைத் தூண் மட்டும் ஓங்கி நிற்கிறது. அடியில் ஒரு படகு, தூரத்தில் வாணவேடிக்கையின் பொறிகள். அந்தப் பாலத்தை அதே காலத்தில் ஜேம்ஸ் ஹெடர்லி என்ற செல்ஸிப் புகைப்படக்காரர் பகலில் எடுத்த படங்கள் இருக்கின்றன. குட்டையான, தடித்த, நெருக்கமாகக் கால்கள் ஊன்றிய மரப்பாலம் அது. படகுகள் மோதிக்கொண்டே இருந்த பாலம். விஸ்லர் அதை ஜப்பானிய ஹிரோஷிகேயின் மரச்செதுக்குப் படங்களில் வரும் பாலம்போல் இழுத்து உயர்த்திவிட்டார்.

1877-இல் ஜான் ரஸ்கின் இன்னொரு நாக்டர்னைப் பார்த்தார். கருப்பும் பொன்னுமாக ராக்கெட் விழும் படம். விலை 200 கினி. அதைக் கேட்பதற்கு ஓவியருக்கு இருந்த துணிச்சலைப் பற்றி ரஸ்கின் எழுதியது அவதூறு என்று விஸ்லர் வழக்குப் போட்டார். 1878 நவம்பர் 25, 26 தேதிகளில் விசாரணை. பாட்டர்ஸி பாலப் படமும் ஜூரிகளுக்கு முன் வைக்கப்பட்டது. இது பாலத்தைச் சரியாகக் காட்டுகிறதா என்பது கேள்வி. பாலத்தின் சரியான உருவப்படம் வரைவது தன் நோக்கமல்ல என்றார் விஸ்லர். மேலே தெரிவது மனிதர்களா என்று கேட்டதற்கு, எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்ற பாணியில் பதில் சொன்னார். தீர்ப்பு அவர் பக்கம். நஷ்டஈடு ஒரு ஃபார்த்திங், அதாவது கால் பென்னி. வழக்குச் செலவு அவர் தலையில் விழுந்தது. 1879-இல் திவாலானார்.

இந்த வழக்கைக் கலைஞனின் சுதந்திரத்துக்கும் விமர்சகனின் மூடத்தனத்துக்கும் நடந்த போராட்டமாகச் சொல்வது நவீன ஓவிய வரலாறுகளின் வழக்கம். எனக்கு அது அவ்வளவு எளிதாகப் படவில்லை. ரஸ்கின் கல்லை நேசித்தவர். 1845-இல் வெனிஸில் டாகேரோடைப் படங்களை வாங்கிச் சேர்த்து, இடிக்கப்பட்டும் 'புதுப்பிக்கப்பட்டும்' அழிந்துகொண்டிருந்த மாளிகைகளின் ஒவ்வொரு கல்லும் அந்த வெள்ளித் தகட்டில் அப்படியே இருக்கிறதென்று பரவசப்பட்டவர். கட்டிடம் எப்படி இருந்ததோ அப்படியே பதிவாக வேண்டும் என்ற அவரது பிடிவாதத்தின் பின்னால் ஒரு துக்கம் இருக்கிறது. கட்டிடம் போய்விட்டால் சாட்சிக்குப் படம் மட்டுமே. பாட்டர்ஸி பாலமும் போய்விட்டது. 1885-இல் அதை இடித்தார்கள். அந்த இடத்தில் 1890-இல் திறந்த இரும்புப் பாலத்தை வடிவமைத்தவரும் அதே பஸல்கெட். பழைய பாலத்தின் அகலம் என்ன, கால்கள் எத்தனை என்று தெரிந்துகொள்ள நாம் ஹெடர்லியிடம்தான் போகவேண்டும். இருட்டில் அதற்கடியில் படகில் போவது எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள விஸ்லரிடம். ஒருவரை வைத்து மற்றவரைத் திருத்த முடியாது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. திவாலான விஸ்லர் தகட்டோவியங்கள் செய்யும் ஒப்பந்தத்தோடு ரஸ்கினுடைய வெனிஸுக்கே போனார். கண்ணெதிரே கண்டதை நேராகச் செப்புத் தகட்டில் கீறினார். அச்சில் இடம் வலமாகும் என்று தெரிந்தும் மாற்றி வரையவில்லை. ஆகவே அவரது அச்சுகளில் வெனிஸ் நகரமே கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பி நிற்கிறது. ரஸ்கினும் தன் டாகேரோடைப்புகளில் திரும்பிய வெனிஸைத்தான் வைத்திருந்தார். அந்தத் தகடுகளும் இடத்தை வலமாகக் காட்டுபவை. சத்தியத்தின் ரசிகரும் சத்தியத்தை அலட்சியம் செய்தவரும் ஒரே தலைகீழில் சந்திக்கிறார்கள்.

விசாரணை முடிந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. 1878 டிசம்பர் 13-ஆம் தேதி விக்டோரியா எம்பாங்க்மென்டில் மின்விளக்குகள் எரிந்தன. ரஷ்யரான யப்லோச்கோவ் கண்டுபிடித்த கார்பன் 'மெழுகுவர்த்திகள்'. வெள்ளை வெளேரென்ற வெளிச்சம், ஒரு ஜோடி ஒன்றரை மணி நேரம் போலத் தாங்கும். 1884-இல் செலவு கட்டுபடியாகாமல் மீண்டும் காஸ் விளக்குக்குப் போனார்கள். முன்னேற்றம் எப்போதும் ஒரே திசையில் போவதில்லை. 1896-இல் பால் மார்ட்டின் எடுத்து, 'காஸ் வெளிச்சத்தில் லண்டன்' என்ற பெயரில் ராயல் போட்டோகிராஃபிக் சொஸைட்டியின் பதக்கம் பெற்ற இரவுப் படங்களில் எம்பாங்க்மென்ட்டைப் பார்க்கிறபோது, அந்த மஞ்சள் வெளிச்சம் மின்சாரம் வந்து போனபின் திரும்பிய வெளிச்சம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மார்ட்டின் பிரான்சில் பிறந்து லண்டனில் வளர்ந்தவர். தொழில் மரச்செதுக்கு. பத்திரிகைகளில் புகைப்படத்தையே நேரடியாக அச்சிடும் முறை வந்து அந்தத் தொழிலைத் தின்றுவிட்டது. தன் தொழிலைக் கொன்ற கருவியையே கையில் எடுத்துக்கொண்டார். அவர் காலத்துத் தகடுகளுக்கு இரவு என்பது ஏறக்குறையப் பார்க்க முடியாத பொருள். நிமிஷக்கணக்கில் லென்ஸைத் திறந்துவைக்க வேண்டும். விளக்கின் ஒளி பூச்சைத் தாண்டிக் கண்ணாடியின் பின்புறம் பட்டுத் திரும்பி, விளக்கைச் சுற்றி ஒரு வட்டம் போடும். அதைத் தடுக்கத் தகட்டின் முதுகில் கருஞ்சாந்து பூசுவார்கள். வெளிச்சம் குறையக் குறையத் தகடு இன்னும் மந்தமாகிவிடும். இருமடங்கு நேரம் கொடுத்தால் இருமடங்கு பதிவு கிடைக்காது. வானியலாளர் கார்ல் ஷ்வார்ஸ்ஷில்ட் 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நட்சத்திரங்களின் தகடுகளை வைத்து இதற்குக் கணக்கு எழுதினார். அந்தி மங்கும் நேரத்தில் கட்டிடங்களின் விளிம்புக்காக ஒருமுறையும், இருட்டியபின் விளக்குகளுக்காக மறுமுறையும் ஒரே தகட்டில் ஒளியைப் படவைப்பது இரவுப் படக்காரர்களின் பழைய உத்தி. படத்தில் நாம் ஒரு கணமாகக் காண்பது இரண்டு நேரங்களின் ஒட்டு.

நீண்ட எக்ஸ்போஷரில் நடப்பவன் மறைந்துபோகிறான். 1838-இல் டாகேர் எடுத்த பாரிஸ் வீதியிலேயே இது தெரிந்துவிட்டது; வண்டிகளும் ஜனங்களும் நிறைந்த சாலை காலியாகக் கிடக்க, பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டு நின்ற ஒருவனும் போட்டவனும் மட்டும் மிஞ்சினார்கள். இரவு நதிக்கரையின் படங்களில் தெரியும் அந்தப் பெரிய அமைதி ஊரின் அமைதியல்ல. எடுக்கும் முறை அதை உண்டாக்குகிறது. அசையாதவன் தங்குவான் என்றால் எம்பாங்க்மென்டில் அசையாதிருந்தவர்கள் யார்? ஒட்டகமும் ஸ்ஃபிங்ஸும் தாங்கும் அலங்கார இரும்பு பெஞ்சுகளில் இரவைக் கழித்தவர்கள். 1890-இல் சால்வேஷன் ஆர்மியின் வில்லியம் பூத் தன் புத்தகத்தில் அந்த பெஞ்சுகளில் தூங்கியவர்களைப் பற்றி விரிவாகவே எழுதினார். 1902-இல் லண்டன் ஏழைகளோடு தங்கிய ஜாக் லண்டன், வீடற்றவர்களை இரவில் உட்கார்ந்து கண்ணயரவும் விடாமல் போலீஸ் எழுப்பி நடக்கவைத்ததை எழுதினார். நடக்கவைக்கப்பட்டவன் தகட்டில் பதியமாட்டான். தூங்க விடப்பட்டவன் விளக்குக்கு அளவெடுத்த எக்ஸ்போஷரில் கருப்போடு கருப்பாகிவிடுவான். செங்குத்துகளை எவ்வளவு சுத்தமாக நிமிர்த்தினாலும் இந்தக் கோணலை நிமிர்த்த முடியாது.

இதை ஒருவாறு உணர்ந்தவர் பில் பிராண்ட் என்று நினைக்கிறேன். பாரிஸில் ப்ரஸாய் செய்ததைப் பின்பற்றி 1938-இல் 'லண்டனில் ஓர் இரவு' என்ற புத்தகத்தை வெளியிட்டார். அடுத்த ஆண்டு யுத்தம். விமானத்துக்குத் தெரியக்கூடாதென்று விளக்குகளை அணைத்துவிட்டார்கள். காஸும் மின்சாரமும் இல்லாத லண்டனை நிலவொளியில் எடுத்தார். அந்தப் படங்களில் கட்டிடங்கள் அளவெடுத்ததுபோல் நேராக, ஆள் அரவமற்று நிற்கின்றன. 1940 நவம்பரில் அரசாங்கத்துக்காகப் பாதாள ரயில் நிலையங்களுக்குள் இறங்கி, குண்டுக்குப் பயந்து அங்கே தூங்கிய ஜனங்களை எடுத்தார். மேலே நேர்கோடுகளும் காலியான தெருவும், கீழே கோணல்மாணலாகப் படுத்திருக்கும் உடம்புகளும். இரண்டையும் ஒருசேரப் பார்த்தால்தான் அந்த வருஷத்து இரவு முழுமையாகிறது. யுத்தம் முடிந்தபின் அவர் ஒரு பழைய மரக் காமிராவை வாங்கினார். போலீஸார் இடங்களைப் பதிவுசெய்யப் பயன்படுத்திய வகை, மிக அகன்ற கோணம். அதைக்கொண்டு அறைகளையும் பெண்ணுடல்களையும் நீட்டியும் குறுக்கியும் எடுத்தவை 1961-இல் புத்தகமாயின. கோணலைத் திருத்தாமல், அதையே பார்க்கக் கற்றுக்கொண்டார். சாட்சிக்காகச் செய்த கருவி விஸ்லரின் பக்கம் சாய்ந்துவிட்டது.

இன்றைக்குத் திருத்தம் ஒரு பொத்தான். கம்ப்யூட்டர் படத்தில் உள்ள நீண்ட கோடுகளைத் தேடிப்பிடித்து, அவை சுவர்களாகத்தான் இருக்கும் என்று அனுமானித்து இணையாக்கிவிடுகிறது. அதற்கு விலை உண்டு. மேல்பகுதியை அகலமாக இழுப்பதால் அங்கே உள்ள விவரம் மெலிகிறது. இரவுப் படத்தில் இருட்டின் புள்ளிகளும் சேர்ந்து ஊதிப்போகின்றன. உச்சியில் இருக்கும் வட்ட விளக்கு நீள்வட்டமாகிறது. கீழ் மூலைகளை வெட்டியெறிய வேண்டியிருக்கிறது. நதிக்கரையில் கீழ் மூலை என்றால் தண்ணீர். அதைவிடப் பெரிய சிக்கல் அனுமானத்தில் இருக்கிறது. பார்லிமெண்டின் மணிக்கூண்டு, 2012-லிருந்து எலிசபெத் கோபுரம் என்று பெயர், உண்மையிலேயே 0.26 டிகிரி சாய்ந்திருக்கிறது. 96 மீட்டர் உயரத்தின் உச்சியில் அது ஒன்றரை அடிக்குச் சற்றுக் குறைவு. 2012-இல் கட்டி முடிந்த ஷார்ட் கோபுரம் 310 மீட்டரும் கண்ணாடி ஊசியாகக் குவிந்தே எழுகிறது. ஒன்றில் நிஜமான சாய்வையும் மற்றதில் நிஜமான குவிவையும் 'பிழை' என்று எடுத்துக்கொள்ளும் திருத்தம் எதை அடிப்படையாகக் கொள்வது? கட்டிடத்தைக் கொண்டே கட்டிடத்தை நிமிர்த்த முடியாது.

தென்கரையில் டிரைபாட் வைத்து எதிர்க்கரையை எடுத்துப் பார்த்ததில் எனக்குத் தெரியவந்த ஒரு சிறு விஷயத்தை இங்கே சொல்ல வேண்டும். விளக்கு ஒவ்வொன்றும் தண்ணீரில் நீண்ட ஒளிக்கோடாக இறங்குகிறது. சிற்றலைகளின் சரிவுகள் ஒவ்வொன்றும் ஒரு துண்டுக் கண்ணாடியாகி, விளக்கை நம் பக்கமாக இழுத்து நீட்டுகின்றன. 135 மீட்டர் லண்டன் ராட்டினம் நீண்ட எக்ஸ்போஷரில் ஓர் ஒளித்தட்டாகி, தண்ணீரில் கந்தலாகிறது. ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் ஏழு மீட்டர்வரை வித்தியாசப்படும் நதி அது; ஒரு மணி நேரத்தில் பிம்பத்தின் இடமே மாறிவிடும், சேறு வெளியே வந்துவிடும். உருவத்தைப் பொறுத்தவரை தண்ணீரைவிடப் பெரிய பொய்யன் இல்லை. ஆனால் திசையைப் பொறுத்தவரை அது பொய் சொல்வதில்லை. காற்று குறுக்காக அடித்து அலைகளைச் சாய்க்காதவரை, விளக்கின் ஒளிக்கோடு விளக்குக்கும் கண்ணுக்கும் இடைப்பட்ட செங்குத்துத் தளத்திலேயே கிடக்கிறது. ஆகவே காமிரா சாய்ந்திருந்தாலும் படத்தில் அது விளக்கிலிருந்து தூக்குக்குண்டு தொங்கவேண்டிய அதே கோட்டில்தான் விழும். அண்ணாத்திய காமிராவில் கோபுரங்கள் மேலே குவிகிற அளவுக்கு ஒளிக்கோடுகள் கீழே விரியும். அவற்றை இணையாக்கினால் படம் நிமிர்ந்துவிடுகிறது. கோபுரம் சாய்ந்ததென்றால் சாய்ந்தபடியே நிற்கும், குவிந்ததென்றால் குவிந்தபடியே.

விஸ்லரின் 'நீலமும் வெள்ளியும்: க்ரெமோர்ன் விளக்குகள்' 1872-இல் வரைந்தது. அதில் அக்கரை விளக்குகள் தண்ணீரில் நெட்டுக்குத்தாக இறங்குகின்றன. பாலத்தை இஷ்டத்துக்கு இழுத்த அதே கை அங்கே தூக்குக்குண்டு வைத்திருக்கிறது. கட்டிடத்தின் அளவு பற்றிக் கோர்ட்டில் விசாரித்தவர்கள் இதைக் கேட்டிருந்தால், அவரது உண்மை எங்கே இருக்கிறது என்று ஜூரிக்குக் கொஞ்சம் விளங்கியிருக்கலாம். கலைஞன் எல்லாவற்றையும் கோணலாக்குவதில்லை. எதை விட்டுக்கொடுப்பது, எதை விட்டுக்கொடுக்கக்கூடாது என்று அவனுக்கொரு கணக்கு இருக்கிறது. விமர்சகன் கண்டுபிடிக்க வேண்டியது அந்தக் கணக்கை. பாலத்தின் கால்களை எண்ணிப் பார்த்து மார்க் போடுவது சர்வேயரின் வேலை. சர்வேயரும் வேண்டும், ஹெடர்லியும் வேண்டும் என்று முன்பே சொல்லிவிட்டேன்.

2019-லிருந்து 2021-க்குள் மத்திய லண்டனில் ஒன்பது பாலங்களுக்குப் புதிதாக ஒளியமைத்திருக்கிறார்கள். நதிக்கரை இன்று படம் எடுக்கப்படுவதற்காகவே விளக்கேற்றிக்கொள்கிறது. ஒவ்வொரு கைத்தொலைபேசியும் பெட்ஃபோர்ட் லெமேரின் நேர்த்தியோடு சுவர்களை நிமிர்த்தித் தருகிறது. அந்த நேர்த்தியில் தவறு காண நான் வரவில்லை. அது யாருடைய உயரத்திலிருந்து பார்க்கிறது என்பது மட்டும் மறந்துபோகக்கூடாது. எம்பாங்க்மென்ட் பெஞ்சில் மல்லாந்து படுத்திருப்பவன் அதே கட்டிடங்களைக் காண்கிறான். அவனுக்கு அவை எல்லாப் பக்கமும் தலைக்குமேலே குவிகின்றன. அந்தக் குவிவு அவன் படுத்திருக்கும் இடத்தின் துல்லியமான அளவு. அதை நிமிர்த்தினால் அவன் அங்கே படுத்திருந்ததற்கான சாட்சியமும் போய்விடும்.